ஸ்பானிஷ் அழைப்பா? அந்தப் பெண்ணிடம் கொடுங்கள்

அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் மதிப்புக்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். போன கோடையில் உங்களில் ஒருவருடைய வாஷிங்டன் அலுவலகத்தில் ஒன்பது வாரம் இன்டர்னாக, அதாவது பயிற்சிக்கு வந்த தற்காலிகப் பணியாளராக இருந்தேன். யாருடைய அலுவலகம் என்று எழுதப்போவதில்லை. கேனன், லாங்வொர்த், ரேபர்ன் என்று உங்களுக்கு இருக்கும் மூன்று கட்டடங்களில் ஒன்று, அவ்வளவுதான். அங்கே யாரும் கெட்டவர்கள் இல்லை. என் இருபதாவது பிறந்தநாளுக்குக் கேக் கூட வாங்கி வந்தார்கள்.

என் ஊர் டெக்சாஸின் தெற்குக் கோடியில், ரியோ கிராண்டே பள்ளத்தாக்கில் இருக்கிறது. அம்மா வெங்காயம் தரம் பிரிக்கும் கொட்டகையில் வேலை செய்கிறார். நான் போனது எங்கள் ஊர் உறுப்பினரிடம் இல்லை, வேறு மாநிலத்துக்காரரிடம். அவருடைய தொகுதியில் கோழி இறைச்சித் தொழிற்சாலைகள் உண்டு. அங்கே நின்று வேலை செய்கிறவர்களில் நிறையப் பேர் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள். வாஷிங்டன் அலுவலகத்தில் அந்த மொழி தெரிந்தவள் நான் ஒருத்தி. முதல் நாள் மதியத்துக்குள் எல்லா மேஜைத் தொலைபேசியிலும் ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டிவிட்டார்கள்: ‘ஸ்பானிஷ்’, அதற்குக் கீழே என் பெயர், என் இணைப்பு எண்.

இன்டர்ன் வேலை என்ன என்பது உங்களுக்குத் தெரியும். போன் எடுப்பது, எந்த மசோதாவுக்கு எத்தனை பேர் ஆதரவு, எத்தனை பேர் எதிர்ப்பு என்று குறிப்பது, நாடாளுமன்றக் கட்டடமான கேப்பிடலைச் சுற்றிக்காட்டுவது, அதன் மேல் ஏற்றிய கொடி கேட்டு வரும் விண்ணப்பங்களைப் பார்ப்பது. என்னோடு சேர்ந்த மற்ற இருவரும் அதைத்தான் செய்தார்கள். நானும் செய்தேன். அதற்கு மேல் இதுவும் இருந்தது.

இரண்டாம் வாரம் ஒரு பெண் அழைத்தார். வேலை முடிந்து வரும் வழியில் கணவரைக் குடியேற்றத் துறை அதிகாரிகள் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள், மூன்று நாளாகத் தகவல் இல்லை. தடுப்புக்காவலில் இருப்பவர்களை இணையத்தில் தேடலாம். குடியேற்றத் துறை கொடுக்கும் ‘ஏ’ எண் என்று ஒன்று வேண்டும், இல்லையென்றால் பெயரும் பிறந்த நாடும். ஏ எண் அவரிடம் இல்லை. எங்கள் ஆட்களுக்கு அப்பா வழி, அம்மா வழி என்று இரண்டு குடும்பப் பெயர். பதிவு செய்கிற அதிகாரி எதை முதலில் போட்டாரோ, எதை விட்டாரோ! மாற்றி மாற்றிப் போட்டதில் நான்காவது தடவை, இரண்டையும் சேர்த்து ஒரே சொல்லாக அடித்தபோது வந்தது. வேறு மாநிலத்தில் ஒரு தடுப்பு மையம்.

அடுத்து என்ன? தனியுரிமைச் சட்டம், 1974. சம்பந்தப்பட்டவர் கையெழுத்துப் போட்ட சம்மதம் இல்லாமல் அரசுத் துறை எங்களிடம் பேசாது. படிவம் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது. வரி வரியாகப் போனில் மொழிபெயர்த்தேன். தொகுதி அலுவலகத்தில் இந்த விவகாரங்களுக்கென்றே பயிற்சி பெற்ற ஒருவர் உண்டு, அவருக்கு ஸ்பானிஷ் தெரியாது. எனக்கு ஸ்பானிஷ் தெரியும், பயிற்சி இல்லை. கடைசியில் அந்தப் பெண் கேட்டார்: “மிஹா, நீ வக்கீலா?” மிஹா என்றால் மகளே. கல்லூரியில் படிக்கிறேன் என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், “பரவாயில்லை, நீயாவது இருக்கிறாயே” என்றார். என்னைத் தேற்றுகிறார்!

இது எனக்குப் புதிதில்லை. எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, அம்மாவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி என்று டாக்டர் சொன்னதை ஸ்பானிஷில் சொன்னது நான்தான். கர்ப்பப்பைக்கு வார்த்தை தெரியாமல் வயிறு என்று சொன்னேன். அவசரம் தவிர மற்ற நேரத்தில் மருத்துவமனைகள் குழந்தைகளை மொழிபெயர்ப்பாளராக நம்பியிருக்கக் கூடாது என்று மத்திய சுகாதாரத் துறை 2016இல் விதி போட்டது. நீங்கள் நிறைவேற்றிய சட்டத்தின் கீழ் வந்த விதி. மருத்துவமனைக்கு ஆகாதது உங்கள் அலுவலகத்துக்கு எப்படி ஆகும்? நான் இப்போது குழந்தை இல்லைதான். ஆனால் அங்கே எல்லோரையும்விடச் சின்னவள், சம்பளமும் எல்லோரையும்விடக் குறைவு.

அன்று மதியமே ஒரு குடும்பத்துக்குக் கேப்பிடலைச் சுற்றிக்காட்டினேன். உள்ளே மாநிலத்துக்கு இரண்டு சிலை. நியூ மெக்ஸிகோ கொடுத்த இரண்டில் ஒன்று டென்னிஸ் சாவேஸ். படிப்பைப் பாதியில் விட்டு மளிகைக் கடை வண்டி ஓட்டியவர். 1916 தேர்தலில் ஒரு செனட் வேட்பாளருக்கு ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பாளராக இருந்தார். அதற்குக் கைம்மாறாக செனட்டில் எழுத்தர் வேலை கிடைத்தது. இரவில் ஜார்ஜ்டவுனில் சட்டம் படித்தார். பிறகு உங்கள் சபையில் இருந்தார், 1935 முதல் 1962இல் இறக்கும்வரை செனட்டர். வந்தவர்களிடம் இதை மனப்பாடமாக ஒப்பிக்கும்போது ஒரு இடத்தில் நாக்கு நின்றது. மொழிபெயர்த்ததற்கு அவருக்கு ஒரு வேலை கொடுத்தார்கள்.

உங்கள் பதில் எனக்குத் தெரியும். ஒரு தொகுதிக்குச் சுமார் 7,61,000 பேர், நிரந்தரப் பணியாளர்களோ 18 பேருக்கு மேல் கூடாது. அந்த உச்சவரம்பு 1975இல் வைத்தது. வைத்ததும் நீங்கள்தான், மாற்றக்கூடியவர்களும் நீங்கள்தான். மாற்றாவிட்டாலும் 18 பேரில் ஒருவர் ஸ்பானிஷ் தெரிந்தவராக இருக்கலாம். அதை வேலை விவரத்தில் எழுதி, அதற்கென்று சம்பளமும் வைக்கலாம். சம்மதப் படிவத்தை ஸ்பானிஷில் அச்சடிக்க ஒரு மதியம் போதும். நான் ஒன்று செய்து கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.

சம்பளம் பற்றியும் ஒரு வார்த்தை. 2019 நிதியாண்டிலிருந்து இன்டர்ன்களுக்கென்று தனியாகப் பணம் ஒதுக்குகிறீர்கள். அதற்கு முன் இங்கே இலவசமாக உழைத்தவர்கள் எத்தனையோ பேர். நன்றி, உண்மையாகவே. ஆனால் எனக்குச் சம்பளம் மாதக் கடைசியில்தான் வந்தது. ஜூன் முதல் வாரம் வந்து இறங்குகிறவள் வாடகையும் முன்பணமும் எதிலிருந்து கொடுப்பாள்? அம்மா தாண்டாவில் தன் முறையை முன்கூட்டியே கேட்டு வாங்கினார். தாண்டா என்பது பெண்கள் சேர்ந்து பிடிக்கும் சீட்டு. அந்தக் கொட்டகைப் பெண்கள் எட்டுப் பேர் விட்டுக்கொடுத்ததால்தான் நான் உங்கள் தொலைபேசியை எடுத்தேன். இன்டர்ன்களுக்குச் சம்பளம் கேட்டுப் போராடும் ‘பே அவர் இன்டர்ன்ஸ்’ அமைப்பு 2019ஆம் வருடக் கணக்கைப் பார்த்தபோது, நாடாளுமன்றத்தில் சம்பளம் வாங்கிய இன்டர்ன்களில் லத்தீனோக்கள், அதாவது லத்தீன் அமெரிக்க வழிவந்தவர்கள், 7.9 சதவீதம். நாட்டின் இளநிலை மாணவர்களில் நாங்கள் ஏறக்குறைய 20 சதவீதம். மீதிப் பேருக்குத் தாண்டா கிடைக்கவில்லையோ என்னவோ. முதல் வாரத்திலேயே சம்பளத்தில் ஒரு பகுதியை முன்கூட்டியே கொடுங்கள்.

ஆகஸ்டில் கடைசி நாள். தொலைபேசிகளில் இருந்த மஞ்சள் சீட்டுகளை நானே உரித்தேன். அடுத்து வருகிறவருக்கு ஸ்பானிஷ் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்றார்கள். அப்போ அந்த அழைப்புகள்?

“வாய்ஸ்மெயிலுக்குப் போகும்.”

இப்படிக்கு,
கடந்த கோடையின் இன்டர்ன் ஒருத்தி