எழுதச் சொல்லித்தராமல் ஆய்வேடு கேட்கிறோம்

ஆசிரியருக்கு வணக்கம்.

முதுநிலை அறிவியல் மாணவர்களின் ஆய்வேடுகளை ஆண்டுதோறும் படித்துத் திருத்துகிறவன் நான். ஆய்வகத்தில் கெட்டிக்காரர்களாக இருக்கும் பிள்ளைகள்கூட எழுத உட்கார்ந்தால் திணறுகிறார்கள், அதற்கு அவர்களைக் குறை சொல்வது நியாயமே இல்லை. எப்படி எழுதுவது என்று யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை, கடைசிப் பருவம் வந்ததும் ஆய்வேட்டை மட்டும் கேட்கிறோம்.

செய்முறைப் பகுதியைச் சோதனை நடக்கும்போதே எழுதச் சொல்ல வேண்டும். கரைசலின் செறிவு என்ன, எந்த வெப்பநிலை, எத்தனை முறை திரும்பச் செய்தோம், ஒப்பிட்டுப் பார்க்கக் கட்டுப்பாட்டு மாதிரி வைத்தோமா என்று எழுதப் போகும்போதுதான் விட்டுப்போனது கண்ணில் படும், அப்போதே மறுபடி செய்துவிடலாம். எல்லாம் முடிந்து மாதக்கணக்கான பிறகு தெரிந்து என்ன செய்வது?

அப்புறம் புள்ளியியல். மதிப்பு எவ்வளவு முன்பின் இருக்கலாம் என்று காட்ட வரைபடத்தில் பிழைக்கோடு போடுகிறார்கள், அது திட்ட விலக்கமா திட்டப் பிழையா என்று குறிப்பிடுவதில்லை. அளவீடுகள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதை முதலாவது காட்டும். கிடைத்த சராசரியை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை இரண்டாவது சொல்லும், மாதிரிகள் கூடக்கூட அது சுருங்கவும் செய்யும். எதைப் போட்டோம் என்று சொல்லாத படத்தை வாசிப்பவர் என்னவென்று புரிந்துகொள்வார்? பி மதிப்பு, அதாவது உண்மையில் வேறுபாடே இல்லை என்றாலும் இப்படியொரு முடிவு தற்செயலாக வர எவ்வளவு வாய்ப்பு என்று காட்டும் எண், 0.05-க்குக் கீழே வந்துவிட்டால் கருதுகோள் நிரூபணமாகிவிட்டது என்றே எழுதிவிடுகிறார்கள். சூத்திரம் தெரிகிறது, அதிலிருந்து எவ்வளவு தூரம் பேசலாம் என்பது தெரியவில்லை.

மேற்கோள்களும் அப்படித்தான், மூலக் கட்டுரையைத் திறந்துகூடப் பார்க்காமல் இன்னொருவர் பட்டியலிலிருந்து எடுத்துப் போடுகிறார்கள். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் தொடர்புபடுத்தி 1998-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த கட்டுரை 2010-ல் திரும்பப் பெறப்பட்டது. ஒரு கட்டுரை இன்னும் செல்லுபடியாகிறதா என்று பார்க்கும் பழக்கத்தை நாம்தான் உண்டாக்க வேண்டும். இல்லாத கட்டுரைகளுக்குக்கூட செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் தலைப்பும் ஆண்டும் போட்டுத் தந்துவிடும் இந்தக் காலத்தில் இது இன்னும் அவசரம்.

முதல் பருவத்திலேயே வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். ஒரு கட்டுரையைப் படித்து, அதன் கேள்வி என்ன, சான்று என்ன, முடிவு அந்தச் சான்றைத் தாண்டிப் போகிறதா என்று ஒரு பக்கம் எழுதட்டும், சக மாணவர் ஒருவர் அதைப் படித்துக் கேள்வி கேட்கட்டும். ஆசிரியரும் வெறும் சிவப்புக் கோடு போடாமல், ஏன் அடித்தோம் என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும், அந்த நேரத்தைக் கல்லூரிகள் பாடவேளையாகவே கணக்கில் எடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓர் ஆய்வு நெறியாளர்