பச்சைப் பாலுக்கும் பொங்கிய பாலுக்கும் நடுவில்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கைவினைச் சீஸ் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ரசித்துப் படித்தேன், கடைசிப் பத்தி வரை. 'பாலைக் காய்ச்சினால் சீஸ் வராது, ஆகவே பச்சைப் பாலே சரி' என்று அங்கே முடித்துவிட்டார்கள். ஆறு வருடமாகச் சிறிய அளவில் சீஸ் செய்து விற்பவள் என்பதால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

பொங்கவிடாமல், கிருமிகள் சாகும் அளவுக்கு மட்டும் சூடாக்கிய, அதாவது பாஸ்டரைஸ் செய்த பாலையும் நாம் 'காய்ச்சின பால்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். குழப்பம் அங்கேதான். பொங்கிய பாலில், சீஸுக்காகப் பாலை உறையவைக்கும் நொதியான ரென்னட் சரியாக வேலை செய்யாது என்பது உண்மை. ஆரம்ப நாட்களில் போன் பேசியபடியே ஒரு பானைப் பாலைப் பொங்கவிட்டு, வீணாக்க மனமில்லாமல் ஆற்றி ரென்னட் ஊற்றினேன். ஒரு மணி நேரம் கழித்துக் கத்தியை விட்டு நெம்பினால் குழகுழவென்று சரிந்தது. நன்றாக உறைந்திருந்தால் வெட்டு நேராகப் பிளந்து, இளம்பச்சை கலந்த மஞ்சளில் தெளிந்த நீர் ஊறும்.

பாஸ்டரைஸ் செய்வதற்குப் பாலைப் பொங்கவிட வேண்டியதில்லை. 63 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் வைத்தால் போதும். ஆலைகளில் 72 டிகிரியில் 15 நொடி. வெந்நீரில் அமர்த்திய பாத்திரமும், நம்பகமான தெர்மாமீட்டரும், விடாமல் கிளறப் பொறுமையும் இருந்தால் வீட்டிலேயே முடியும். பிறகு சட்டென்று ஆற்ற வேண்டும். உறைவு இளகலாக இருந்தால் துளி கால்சியம் குளோரைடு கைகொடுக்கும். சூட்டில் போன நல்ல நுண்ணுயிர்களுக்குப் பதிலாக உறை சேர்க்கிறோம். சுவை கொஞ்சம் குறையத்தான் செய்யும். நல்ல பச்சைப் பால் சீஸின் ஆழம் என் சீஸில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன்.

கட்டுரை உதாரணம் காட்டும் பார்மிஜானோ ரெஜியானோ என்ற இத்தாலியக் கெட்டிச் சீஸ் பச்சைப் பாலில்தான் செய்யப்படுகிறது. ஆனால் அதன் திரளையை 55 டிகிரி வரை சூடாக்கி, உப்பு நீரில் வாரக்கணக்கில் ஊறவைத்து, குறைந்தது 12 மாதம் முதிர்த்த பிறகுதான் விற்பனைக்கு விடுகிறார்கள். புளிப்பு, உப்பு, வறட்சி, காலம் எல்லாம் சேர்ந்து கிருமியை நெருக்குகின்றன. மூன்றாம் நாளே விற்றுப்போகும் ஈரமான மென்சீஸுக்கு இதில் எந்தக் காவலும் இல்லை. கட்டுரையோடு வந்த செய்முறை அந்த வகைதான்! அமெரிக்காவில் பச்சைப் பால் சீஸை 60 நாள் முதிர்த்தால்தான் விற்கலாம். அந்த 60 நாளையும் சில ஈ.கோலை கிருமிகள் தாண்டிவிடுவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

1985-ல் கலிபோர்னியாவில் மென்சீஸ் ஒன்றால் லிஸ்டீரியா என்ற கிருமி பரவியது. லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் மட்டும் 142 பேருக்கு நோய், 48 மரணம். அதில் 30, கருவிலிருந்த சிசுக்களும் பிறந்த குழந்தைகளும். பாலில் பாஸ்டரைஸ் செய்யாத பால் கலந்திருந்ததே காரணமாகக் கருதப்பட்டது. லிஸ்டீரியா குளிர்சாதனப் பெட்டிக்குள்ளும் வளரும். என்னிடம் வாங்குபவர்களில் யார் கர்ப்பிணி என்று எனக்கு எப்படித் தெரியும்?

பாஸ்டரைஸ் செய்துவிட்டால் அழுக்குத் துணியில் வடிகட்டலாம் என்று நான் சொல்லவரவில்லை. ஈரத் தரையிலிருந்தும் சாக்கடை வாயிலிருந்தும் அதே கிருமி திரும்பி வரும்.

அடுத்த இதழில் ஒரு திருத்தம் வெளியிடுங்கள். செய்முறையின் முதல் வரியில் 'பச்சைப் பால்' என்பதை எடுத்துவிட்டு, '63 டிகிரியில் அரை மணி நேரம் வைத்து ஆற்றிய பால்' என்று போட்டால் போதும்.

இப்படிக்கு,
சீஸ் செய்து விற்கும் வாசகி