நின்று போக ஓர் இடம்

ஆசிரியருக்கு வணக்கம்.

நாடோடி மக்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே, "பாவம், வீடு வாசல் இல்லாதவர்கள், எங்காவது குடியமர்த்திவிட்டால் சரியாகிவிடும்" என்று பலர் முடித்துவிடுகிறார்கள். நல்ல மனதோடு சொல்வதுதான், ஆனாலும் என்னால் இதை ஏற்க முடியவில்லை. அவர்களில் பலருக்கு வீடு இருக்கிறது, அது கூடவே நகர்கிறது, அவ்வளவுதான். நிறுத்திய இடத்தில் யாரும் விரட்டாமல் இருக்க வேண்டும், 'இவர்கள் நம் மக்கள்' என்று ஏதாவது ஓர் அரசு ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த இரண்டும்தான் கிடைப்பதில்லை.

கட்டாயமாகக் குடியமர்த்தினால் என்ன ஆகும் என்பதற்கு, மத்திய ஆசியப் புல்வெளியில் கால்நடை மேய்த்து அலைந்த கசாக் மக்களின் கதை போதும். மேய்ச்சல் நிலம் வறண்டால் அடுத்த நிலத்துக்குப் போவதுதான் அந்தப் புல்வெளியில் பிழைக்கிற வழி. சோவியத் அரசு கால்நடைகளைப் பிடுங்கிக்கொண்டு, கூட்டுப்பண்ணையில் இருங்கள் என்றது. 1930-33 பஞ்சத்தில் பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் செத்தார்கள், பல லட்சம் பேர் எல்லை தாண்டியும் பக்கத்துப் பகுதிகளுக்கும் ஓடினார்கள். அலைந்து வாழ்ந்தபோது இருந்த வீடு, குடியமர்த்திய பிறகுதான் இல்லாமல் போனது.

இன்று வன்முறை இவ்வளவு வெளிப்படையாக இல்லை, சட்டமாக வருகிறது. இங்கிலாந்தில் 1968-ல் வந்த ஒரு சட்டம், ஜிப்ஸி மக்கள் கேரவனோடு, அதாவது வீடாகவே இருக்கும் வண்டியோடு, தங்க இடம் அமைத்துத் தரும் கடமையை உள்ளாட்சிகளிடம் கொடுத்தது. 1994-ல் அந்தக் கடமையை எடுத்துவிட்டார்கள். அப்புறம் 2022-ல், அனுமதியில்லாமல் தங்கி இடைஞ்சலாக இருப்பவர்கள் போகச் சொல்லியும் போகாவிட்டால் குற்றம், வண்டியையும் போலீஸ் பறிமுதல் செய்யலாம் என்று சட்டம் வந்தது. வண்டி போனால் வீடே போச்சு! தங்க இடத்தையும் தராமல், தங்கினால் குற்றம் என்றால் அந்தக் குடும்பம் ராத்திரி எங்கே போகும்? ஒருமுறை கிளப்பிவிட்ட இடத்துக்கு ஒரு வருடம் திரும்பக்கூடாது என்ற விதி மனித உரிமைகளுக்கு முரணானது என்று 2024-ல் உயர் நீதிமன்றம் சொன்னது.

இதே இங்கிலாந்தில் லீட்ஸ் நகராட்சி வேறு மாதிரி செய்து பார்த்தது. விரட்டுவதற்குப் பதில் உட்கார்ந்து பேசி, இத்தனை நாள் இங்கே இருக்கலாம், கழிப்பறையும் குப்பை எடுப்பதும் எங்கள் பொறுப்பு, இடத்தைச் சுத்தமாக வைத்திருப்பது உங்கள் பொறுப்பு என்று ஒப்பந்தம் போட்டார்கள். எவ்வளவு எளிய விஷயம், இதற்கு ஏன் இத்தனை காலம் ஆனது என்றுதான் எனக்கு ஆத்திரம்.

கடலில் வாழும் பஜாவ் லாவுட் மக்களின் நிலை இன்னும் மோசம். பிலிப்பைன்ஸ், மலேசியா, இந்தோனேசியா என்று எல்லைகள் வருவதற்கு முன்பிருந்தே அந்தக் கடலில் படகில் வாழ்ந்தவர்கள். மலேசியாவின் சபா மாநிலத்தில் அவர்களில் பலருக்கு இன்று எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லை. பிறப்புச் சான்றிதழ் இல்லாத பிள்ளைக்கு அரசுப் பள்ளியில் இடம் கிடைப்பதே பெரும்பாடு. 2024-ல் செம்போர்னா பகுதியில் அவர்களுடைய தண்ணீர்மேல் வீடுகளையும் இடித்தார்கள்.

ஊர் ஊராகப் போகிறவர்கள் திருடுவார்கள் என்று சிலர் சொல்லக்கூடும். இந்தச் சந்தேகத்தை வைத்துத்தான் இந்தியாவில் பிரிட்டிஷ் அரசு 1871-ல் குற்றப் பழங்குடிகள் சட்டத்தைக் கொண்டுவந்து, குழந்தைகளைக்கூடப் பிறப்பாலேயே குற்றவாளி ஆக்கியது. அந்தப் பேச்சுக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை.

உங்கள் பத்திரிகையிடம் ஒரு வேண்டுகோள். இந்த மக்களைப் பற்றிச் செய்தி போடும்போது அதிகாரிகளிடம் மட்டும் கேட்காமல் அவர்களிடமும் கேளுங்கள். எந்த மாதத்தில் எங்கே நிற்க வேண்டியிருக்கிறது, எத்தனை நாள், பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள், கையில் என்ன அடையாள ஆவணம் இருக்கிறது என்று அவர்கள் சொல்வதை அப்படியே அச்சில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்