செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25: ஆற்றங்கரைப் பாதை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

தெருவிளக்கு, குடிநீர் மனுக்கள் வழக்கம்போல் கொடுக்கப்பட்டன. சிலவற்றுக்குப் பலன் கிடைத்தது. வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். இவ்வாண்டு நாம் அதிகம் உழைத்தது ஒரே காரியத்துக்கு. திருநெல்வேலி மீனாட்சிபுரத்திலிருந்து குறுக்குத்துறை வரை தாமிரபரணிக் கரையில் நடக்கவும் சைக்கிளில் போகவும் பாதை கேட்டு மாநகராட்சிக்குக் கொடுக்கவிருக்கும் மனு அது.

செயற்குழு முதலில் வரைந்தது தண்ணீரை ஒட்டிய நேரான சிமெண்ட் பாதை. அந்தத் தாளோடு காலை வேளைகளில் படித்துறைகளுக்குப் போனோம். துணி துவைக்க வந்த பெண்கள், பாதைக்கு மதில் எழுப்பினால் எந்த வழியாக ஆற்றில் இறங்குவது என்று கேட்டார்கள். ஆடி அமாவாசைக்குத் தர்ப்பணம் செய்யும் கூட்டத்துக்குள் சைக்கிள் எப்படி நுழையும் என்றார் ஒருவர். எங்களுக்குத் தோன்றாத கேள்விகள் இவை. பள்ளி மாணவிகள் கேட்டது விளக்கு. அவர்களுக்கு இது உலா போகும் இடமல்ல, டியூஷன் முடிந்து இருட்டில் வீடு திரும்பும் வழி.

எங்கள் வரைபடத்தையே மாற்றியவர் ஒரு முதியவர். குறுக்குத்துறை முருகன் கோயிலைக் காட்டினார். ஆற்றுக்குள்ளேயே நிற்கும் கோயில். நீர் வரும் பக்கத்துச் சுவர் படகின் முனைபோல் கூராக இருக்கும். வெள்ளம் வந்தால் உற்சவர் கரையிலுள்ள மேலக்கோயிலுக்குப் போய்விடுவார், தண்ணீர் கோயில்மேல் ஓடி வடியும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் மழையில் ஆறு எதுவரை ஏறியது என்பதை நம் வீட்டுச் சுவர்களே சொல்லும். வெள்ளத்தை மறிக்கும் பாதை நமக்கு வேண்டாம். அது மூழ்கிக் கிடந்து, நீர் வடிந்ததும் கழுவி விட்டால் மறுபடி நடக்கத் தக்கதாக இருக்கட்டும்.

ஆகவே மனுவைத் திருத்தினோம். கைப்பிடிச் சுவர் இல்லை. படித்துறை வருமிடத்தில் சைக்கிள் பாதை மேலே விலகிப் போகும். மருத மரம் ஒன்றையும் வெட்டக் கூடாது. பாதைதான் வளைய வேண்டும். சாக்கடை ஆற்றில் விழும் இடங்களை முதலில் சரிசெய்யவும் கேட்டிருக்கிறோம். மூக்கைப் பொத்திக்கொண்டு யார் நடப்பார்கள்?

மறுகரையில் கொக்கிரகுளம், வண்ணார்பேட்டை மக்களிடம் நாம் இன்னும் பேசவில்லை. அது என் குறை. அடுத்த மாதமே அதைத் தொடங்க, இருபாலாரும் உள்ள ஐவர் குழு ஒன்றை இன்று அமைத்துத் தரும்படி பொதுக்குழுவை வேண்டுகிறேன்.

செயலாளர்