அதிதூதர் மிக்கேல் ஓவியம் குறித்து வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர்,

வணக்கம். சென்ற மாதம் கடையின் முன்கூடத்தில் மாட்டிய அதிதூதர் மிக்கேல் ஓவியத்தைப் பற்றிப் பலரும் விசாரித்து வருகிறீர்கள். அதன் கீழே "கீதோ ரேனி" என்று மட்டும் நாங்கள் எழுதி வைத்திருந்த சீட்டைப் பார்த்து, அது 17ஆம் நூற்றாண்டின் இத்தாலிய ஓவியரான ரேனியே தீட்டிய படம் என்று சிலர் எண்ணிவிட்டீர்கள். தவறு எங்களுடையது. "ரேனியின் பீட ஓவியத்தைப் பார்த்து எழுதிய பிரதி, ஓவியர் பெயர் தெரியாது, 19ஆம் நூற்றாண்டு" என்று சீட்டை மாற்றிவிட்டோம்.

அசல் ஓவியம் ரோம் நகரில், சாந்தா மரியா தெல்லா கொன்சேசியோனே என்னும் கப்புச்சின் துறவற சபையாரின் கோயிலில் இன்றும் இருக்கிறது. திருத்தந்தை எட்டாம் உர்பானின் சகோதரரும் கப்புச்சின் துறவியுமான கர்தினால் அந்தோனியோ பார்பெரினி கேட்டுக்கொண்டதற்கு இணங்க, பொலோஞ்ஞா நகரத்து ரேனி 1635 வாக்கில் அதைத் தீட்டினார். ஏறத்தாழ 3 மீட்டர் உயரமுள்ள அந்தப் படம் பட்டுத் துணியின் மேல் எண்ணெய் வண்ணத்தால் ஆனது. ஓங்கிய வாளும் கையில் சங்கிலியுமாகச் சாத்தானை மிதித்து நிற்கும் மிக்கேலின் முகத்தில் கோபத்தின் சாயல்கூட இல்லை என்பதுதான் அதன் அழகு. மிதிபட்டுக் கிடக்கும் சாத்தானுக்குக் கர்தினால் பம்ஃபீலியின் முகத்தை ரேனி வைத்துவிட்டார் என்று அந்தக் காலத்திலேயே ஊர் பேசியது. அந்தக் கர்தினால் 1644இல் பத்தாம் இன்னொசென்ட் என்ற பெயரில் திருத்தந்தையானது வேறு கதை.

புனித பேதுரு பேராலயத்தில் மொசைக் கல்லிலேயே பிரதி செய்து வைக்கும் அளவுக்கு இந்த ஓவியம் புகழ்பெற்றது. செப்புத்தகட்டு அச்சுகளாகவும், பயணிகள் வாங்கிச் சென்ற எண்ணெய் வண்ணப் பிரதிகளாகவும், பிறகு சிறு செபப் படங்களாகவும் அது பரவியது. "எங்கள் பாட்டியின் செபப் புத்தகத்துக்குள் இருந்த படம் இதுதான்" என்று ஒரு வாடிக்கையாளர் இதன் முன் நின்று சொன்னதில் எங்களுக்கு வியப்பில்லை.

எங்களிடம் உள்ளது 74 சென்டிமீட்டர் உயரமுள்ள கித்தான் படம். அச்சைப் பார்த்து எழுதிய பிரதிகள் சிலவற்றில் இடம் வலமாக மாறி, வாள் இடக்கைக்குப் போய்விடுவதுண்டு. இதில் அசலில் உள்ளதுபோல வலக்கையிலேயே இருக்கிறது. மார்க்கவசத்தின் நீலத்தையும் மேலாடையின் சிவப்பையும் பொறுமையாகத் தீட்டிய கை, சாத்தானின் தோளுக்கு வரும்போது அவசரப்பட்டிருக்கிறது. சங்கிலியின் கண்ணிகள் வெறும் புள்ளிகளாக முடிந்துவிடுகின்றன. முகம் மட்டும் நன்றாக வந்திருக்கிறது, நாங்கள் வாங்கியதும் அதற்காகத்தான். புற ஊதா விளக்கில் பார்த்தபோது இடச் சிறகின் நுனியிலும் வலக் காலின் அருகிலும் கருந்திட்டுகள் தெரிந்தன; அவை பிற்காலத்தில் யாரோ வண்ணம் தொட்டுச் சரிசெய்த இடங்கள். மஞ்சளித்த வார்னிஷை நாங்கள் அகற்றவில்லை. வாங்குபவர் விரும்பினால் தேர்ந்த சீரமைப்பாளரிடம் கொடுக்கலாம். வீட்டில் ஈரத்துணியால் துடைக்க மட்டும் வேண்டாம்.

பிரதி என்பதால் இது போலி ஆகிவிடாது. ரேனியின் கையொப்பத்தை இட்டு ஏமாற்ற இதை எழுதியவர் முயலவில்லை. விலையையும் நாங்கள் பிரதிக்குரியதாகவே வைத்திருக்கிறோம், ஆகவே சீட்டு மாறியும் விலை மாறவில்லை. பழைய சீட்டை நம்பி முன்பணம் கட்டியவர் இருவர். அவர்கள் விரும்பினால் முழுத் தொகையையும் பிடித்தமின்றித் திருப்பித் தருகிறோம். இம்மாத இறுதிக்குள் முடிவைச் சொன்னால் போதும், அதுவரை ஓவியத்தை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டோம். மற்றவர்கள் காலை வேளையில் வந்து பாருங்கள். மாலையில் எதிர்ச்சுவரின் விளக்கு வார்னிஷில் பட்டு முகத்தை மறைத்துவிடுகிறது.

இப்படிக்கு,
கடை நிர்வாகத்தார்