கல்லுக்கு முன்னால் பெயர்களைத் தேடுங்கள்: வேலூர் மாநகராட்சிக்கு ஒரு திறந்த மடல்

வணக்கத்துக்குரிய மேயர் அவர்களுக்கும், துணை மேயர், ஆணையர், அறுபது வார்டு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் படைவீரர்களுக்கு நினைவிடம் வேண்டும் என்ற பேச்சு எங்கள் பக்கத்தில் சில மாதங்களாக ஓடிக்கொண்டிருக்கிறது. காலையில் நடக்க வருகிற முன்னாள் ராணுவத்தினர் சேர்ந்து மனு எழுதினார்கள். நானும் கையெழுத்துப் போட்டேன். ஆனால் மனுவில் இருப்பது ஒரே வரிதான்: நினைவிடம் அமைத்துத் தர வேண்டுகிறோம். அது எப்படி இருக்க வேண்டும் என்பதைப் பற்றி எழுத எனக்கு நிறைய இருக்கிறது. அதனால்தான் இந்த மடல்.

என் அப்பா மெட்ராஸ் சாப்பர்ஸில், அதாவது ராணுவத்தின் பொறியாளர் படைப்பிரிவில் இருந்தவர். பெங்களூரில் பயிற்சி முடித்து, எங்கெங்கோ பாலம் போட்டு, ஹவில்தாராக ஓய்வு பெற்றார். சாப்பர்களை ராணுவத்தில் ‘தம்பி’ என்றுதான் கூப்பிடுவார்கள். எழுபத்தைந்து வயதாகியும் அவருடைய பழைய கூட்டாளிகள் போனில் ‘தம்பி’ என்றுதான் ஆரம்பிப்பார்கள். எங்கள் வீட்டுக் கூடத்தில் அவருடைய கறுப்பு டிரங்குப் பெட்டி இருக்கிறது. மூடியில் வெள்ளை பெயிண்டில் அவருடைய எண், பெயர், அதற்குக் கீழே ‘நார்த் ஆற்காடு’. ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் சின்ன பிரஷ் ஒன்றை எடுத்துவைத்துக்கொண்டு, மங்கிய எழுத்துகளின் மேல் மறுபடியும் எழுதுவார். “பேரு அழிஞ்சிட்டா பொட்டி யாருதுன்னு தெரியாது” என்பார். சின்ன வயதில் அந்த பெயிண்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பது என் வேலை.

போன வருடம் லாங் பஜாருக்குக் காய்கறி வாங்க அவரோடு போயிருந்தேன். கூட்டத்தில் கால் வலிக்கிறது என்று மணிக்கூண்டுப் பக்கம் ஒதுங்கி நின்றார். அங்கே பதித்திருக்கும் கல்லை நான் எத்தனையோ முறை கடந்து போயிருக்கிறேன், ஒரு தடவையும் நின்று படித்ததில்லை. அவர் படித்தார். 1914-ல் தொடங்கிய பெரும்போருக்கு வேலூரிலிருந்து 277 பேர் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிரை விட்டார்கள் என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. அவ்வளவுதான் அந்தக் கல். அப்பா விரலால் அந்த 14-ஐத் தொட்டார். கீழே ஏதாவது இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். பக்கவாட்டிலும் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்து, “எண்ணிக்கை கீது. பேரு எங்கம்மா?” என்றார்.

எனக்குப் பதில் தெரியவில்லை.

அந்தப் பதினான்கு பேருக்கும் அம்மா இருந்திருப்பார்கள். யாரோ ஒருவருக்கு இந்தச் சத்துவாச்சாரியிலோ சைதாப்பேட்டையிலோ வீடு இருந்திருக்கும். நூறு வருடத்தில் அவர்கள் வெறும் எண்ணாகிவிட்டார்கள். இது வேலூரில் மட்டும் நடந்ததில்லை. அதே போரில் இறந்தவர்களுக்காக இராக்கில் எழுப்பிய பாஸ்ரா நினைவகத்தில் அதிகாரிகளின் பெயர்களைக் கல்லில் செதுக்கினார்கள். இந்திய ஜவான்களை மட்டும் படைப்பிரிவின் பெயருக்குக் கீழே இத்தனை பேர் என்று எண்ணிக்கையாகக் குறித்தார்கள். அப்படி ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சமமான மரியாதை தரப்படவில்லை என்பதை 2021 ஏப்ரலில்தான் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. நூறு வருடம் கழித்துக் கேட்ட மன்னிப்பு.

அதனால் நான் உங்களிடம் கேட்பது ஒன்றுதான். கல்லுக்கு டெண்டர் விடுவதற்கு முன்னால் பெயர்களைத் தேடுங்கள். ஒரு வருடம் ஆனாலும் பரவாயில்லை. பெயர்ப் பட்டியல் முழுமையாகக் கையில் வந்த பிறகு, அதற்கு எவ்வளவு சுவர் வேண்டுமோ அவ்வளவு கட்டுங்கள். முதலில் தூணை எழுப்பிவிட்டுப் பெயர்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், அந்த அப்புறம் வரவே வராது.

தேடுவது எளிதான வேலை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வழி இருக்கிறது. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விதவையர் ஓய்வூதியப் பதிவுகள் இருக்கின்றன. சாப்பர்களின் ஆவணங்கள் பெங்களூரிலும், மெட்ராஸ் ரெஜிமென்டின் ஆவணங்கள் குன்னூர் வெலிங்டனிலும் இருக்கின்றன. டெல்லியில் 2019 பிப்ரவரியில் திறந்த தேசியப் போர் நினைவகத்தில், சுதந்திரத்துக்குப் பின் உயிர்நீத்த இருபத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்களைக் கல் கல்லாகப் பொறித்திருக்கிறார்கள். நம் ஊர்க்காரர்களும் அதில் இருப்பார்கள். அவர்களைப் பிரித்தெடுக்க ஆள் வேண்டும், அவ்வளவுதான். அப்புறம் கணியம்பாடிப் பக்கம் கம்மவான்பேட்டைக்குப் போங்கள். ராணுவப்பேட்டை என்றே அந்த ஊரைச் சொல்கிறோம். வீட்டுக்கு ஒருவராவது படைக்குப் போன ஊர் அது. அங்கே திண்ணையில் உட்காரும் பெரியவர்களிடம் ஒரு மத்தியானம் பேசினால் எந்த ஆவணத்திலும் இல்லாதது கிடைக்கும்.

மாவட்டத்தின் பெயரில் ஒரு சிக்கல் வரும். 1965-லோ 1971-லோ இறந்தவருடைய ஏட்டில் ‘வட ஆற்காடு’ என்றுதான் இருக்கும். 1989-ல் திருவண்ணாமலை தனியாகப் போனது. 2019-ல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. ஆகவே வாணியம்பாடிக்காரரை ‘இவர் நம் மாவட்டம் இல்லை’ என்று தள்ளிவிடாதீர்கள். அவர் படையில் சேர்ந்தபோது வேலூர்தான் அவருக்குத் தலைநகரம். பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் ஊரைப் போட்டுவிட்டால் போதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் தமிழாசிரியை, இதில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. ராணுவ ஆவணங்களில் நம்மவர்களின் பெயர்கள் ஆங்கிலத்தில் இருக்கும், எழுதியவர் பெரும்பாலும் வடநாட்டுக் குமாஸ்தா. அங்கே போன ‘ஏழுமலை’ திரும்பி வரும்போது ‘எலுமலை’ ஆகிவிடுவார். ‘பழனி’ ‘பலானி’ ஆகிவிடுவார். என் அப்பாவின் பென்ஷன் புத்தகத்தில் தாத்தாவின் பெயர் தப்பாகத்தான் இருக்கிறது. அதைத் திருத்த அலைந்து அலைந்து கடைசியில் விட்டுவிட்டார். ஆங்கிலப் பட்டியலைக் கம்ப்யூட்டரில் போட்டுத் தமிழாக்கிச் சுவரில் செதுக்கிவிட்டால் அதுவே காலத்துக்கும் நின்றுவிடும். செதுக்குவதற்கு முன் பட்டியலை வார்டு அலுவலகங்களிலும் ஊராட்சி அலுவலகங்களிலும் மூன்று மாதம் ஒட்டி வையுங்கள். குடும்பத்தார் வந்து பார்த்து, “எங்க வீட்டுக்காரர் பேரு இப்படித்தாங்க” என்று சொல்லட்டும். படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்ட ஒருவரை உட்கார வையுங்கள். விடுமுறை நாட்களில் நானே வந்து உட்காருகிறேன்.

யார் யாரைச் சேர்ப்பது என்ற கேள்வி கட்டாயம் வரும். போர்முனையில் குண்டடி பட்டவர் மட்டும்தான் என்று கோடு போட்டுவிடாதீர்கள். பனிச்சரிவில் புதைந்தவர், கண்ணிவெடி எடுக்கும்போது போனவர், பயிற்சியில் இறந்தவர், சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப். போன்ற துணைப்படைகளில் இறந்தவர் எல்லாருடைய வீட்டுக்கும் வந்தது ஒரே தந்திதான்.

இலங்கையில் இறந்தவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் தெருக்கோடியில் ஓர் அத்தை இருக்கிறார். இந்தியா இலங்கைக்கு அனுப்பிய அமைதிப் படையில் போன அவருடைய கணவர் யாழ்ப்பாணத்தில் இறந்தார். கார்கில் நாள் வந்தால் ஊரில் கூட்டம் போடுகிறார்கள், பேசுகிறார்கள். அத்தையின் கணவர் பெயரை இத்தனை வருடத்தில் எந்த மேடையிலும் யாரும் சொன்னதில்லை. 1987 முதல் 1990 வரை அங்கே நடந்ததைப் பற்றித் தமிழ்நாட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு கருத்து உண்டு. எனக்கும் உண்டு, அது வலியோடு கூடிய கருத்து. அங்கே மாண்ட தமிழ் மக்களை நினைக்காமல் நான் அந்தப் படையின் பெயரை உச்சரித்ததில்லை. ஆனாலும் உத்தரவு வந்ததும் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிய இருபத்தாறு வயதுப் பிள்ளையின் பெயரை அந்தக் காரணத்துக்காக மறைத்துவிட முடியுமா? அந்தப் போரில் இந்தியப் படையினர் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நம் மாவட்டத்துக்காரர்களின் பெயர்களும் சுவரில் வர வேண்டும், இறந்த இடத்தோடும் ஆண்டோடும். பட்டியல் போடும்போது யாராவது தயங்கினால், தயவுசெய்து அந்த அத்தையை ஒருமுறை போய்ப் பாருங்கள்.

வரிசையைப் பதவிப்படி வைக்க வேண்டாம். இறந்த ஆண்டுப்படி வையுங்கள். மேஜரும் சிப்பாயும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். லாங் பஜாரின் பதினான்கு பேரில் ஒருவர் பெயர் கிடைத்தாலும் அவரை முதல் வரியில் வையுங்கள்.

சரி, இடத்துக்கு வருகிறேன். கோட்டைக்கு எதிரிலேயே வைக்கலாமே என்று சிலர் சொல்கிறார்கள். மனசுக்குப் பிடித்த யோசனைதான். 1806 ஜூலை 10 அன்று சிப்பாய்கள் ஆங்கிலேயருக்கு எதிராக எழுந்த கோட்டை அது, அதன் நினைவாக மக்கான் பகுதியில் தூணும் இருக்கிறது. ஆனால் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவுச் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது என்பது சட்டம். அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும். அதில் போய் மாட்டிக்கொண்டால் கோப்பு வருடக்கணக்கில் நகராது. குடியிருப்புக்கு நடுவில் இருக்கும் பூங்காவே நல்லது. தினமும் ஆள் நடமாடுகிற இடமாகவும் அது இருக்கும்.

ஆனால் பூங்கா பூங்காவாகவே இருக்க வேண்டும். பூங்காக்களையும் விளையாட்டுத் திடல்களையும் காக்க 1959-லேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் போட்டிருக்கிறார்கள். நினைவிடம் என்ற பெயரில் ஊஞ்சலையும் சறுக்கு மரத்தையும் எடுத்துவிட்டால், அந்தத் தெருப் பிள்ளைகள் அந்தச் சுவரை எப்படிப் பார்ப்பார்கள்? நடைபாதையின் ஓரமாக, இருக்கிற புங்க மரங்களை வெட்டாமல், அவற்றின் நிழலிலேயே ஒரு தாழ்ந்த சுவர் போதும். இடுப்பளவு உயரம். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒரு வயதான அம்மா கையை நீட்டினால் மகன் பெயரைத் தொட முடிய வேண்டும். சக்கர நாற்காலி போகச் சாய்தளம் வேண்டும், படி வேண்டாம். காலை இழந்தவர்களும் வருவார்கள்.

பளபளக்கும் கறுப்புக் கிரானைட்டை வெயிலில் நிறுத்தாதீர்கள். வேலூர் மே மாதத்தில் பத்து மணிக்கு மேல் அதைத் தொட முடியாது. வடக்குப் பார்த்த முகமாக, நிழல் விழும்படி, எழுத்துகள் ஆழமாகச் செதுக்கியதாக இருக்கட்டும். பெயிண்ட் எழுத்து வேண்டாம். என் அப்பாவைப் போல வருடா வருடம் மேலே எழுத எல்லாருக்கும் ஒருவர் இருக்க மாட்டார். பக்கத்தில் இரண்டு பெஞ்சு, ஒரு குடிதண்ணீர்க் குழாய். பீரங்கியோ சிலையோ எனக்குத் தேவையாகத் தெரியவில்லை. சிலை வைத்தால் கம்பிக் கூண்டு வரும், கூண்டு வந்தால் பூட்டு வரும், பூட்டு வந்தால் சாவி யாரிடம் என்று தேட வேண்டியிருக்கும்.

திறப்பு விழாக் கல்வெட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். யார் தலைமை, யார் முன்னிலை, யார் திறந்துவைத்தார் என்ற கல்லை அந்தச் சுவரில் பதிக்காதீர்கள். பூங்கா வாசலில் வையுங்கள், சிறியதாக. சுவரில் இறந்தவர்கள் மட்டும் இருக்கட்டும். அதைத் திறப்பதற்கும், நான் கேட்டால், பட்டியலில் உள்ள ஒரு சிப்பாயின் மனைவியைக் கூப்பிடுவேன்.

இதையெல்லாம் எழுதிவிட்டு அப்பாவிடம் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டார். சுவரில் காலி இடம் விடச் சொல்லி எழுதினாயா என்று கேட்டார். எழுதவில்லை என்றேன். “எழுது. இன்னும் பசங்க போய்க்கினுதான் கீறாங்க” என்றார். அதனால் இதையும் சேர்க்கிறேன்: கடைசிப் பெயருக்குக் கீழே இடம் விடுங்கள்.

பட்டியல் தொடங்கும் நாளில் எந்த அலுவலகத்துக்கு வர வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். அப்பாவின் டைரியில் மூன்று பேரின் பெயரும் ஊரும் இருக்கின்றன, அவரோடு பாலம் போடப் போய்த் திரும்பாதவர்கள். அத்தை வீட்டில் ஒரு பெயர். நான்கையும் சரியான எழுத்தில் எழுதி எடுத்துக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு சாப்பரின் மகள்,
சத்துவாச்சாரி, வேலூர்.