பேராசிரியரைக் கொஞ்சம் குறைத்துவிடு, பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

நாதஸ்வர வித்வானைப் பற்றி நீ எடுத்து அனுப்பிய ஆவணப்படத்தை நானும் அம்மாவும் பார்த்துவிட்டோம். அம்மாவுக்கு முழுக்கப் பிடித்துவிட்டது. எனக்குப் பாதிதான். எடிட்டிங் இன்னும் முடியவில்லை என்று நீ சொன்ன தைரியத்தில் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

வித்வான் சீவாளி, அதாவது ஊதும் நாக்கு, பார்த்து எடுக்கும் இடம் அருமை. நாதஸ்வரத்தில் தொங்கும் கொத்திலிருந்து ஒன்றைப் பிரிக்கிறார், வாயில் வைத்து ஈரப்படுத்துகிறார், பொருத்தி ஊதிப் பார்க்கிறார், உதட்டைப் பிதுக்கிவிட்டுக் கழற்றுகிறார். அடுத்தது. அதுவும் சரியில்லை. மூன்றாவதை ஊதியதும் அந்த முகத்தில் வரும் நிம்மதி இருக்கிறதே, அதற்காகவே நீ கேமராவை அசைக்காமல் நின்றிருக்கிறாய். பிறகு அவர் பேச ஆரம்பிக்கிறார். சாமி புறப்பாட்டில் வாசிக்கும் மல்லாரி ஏன் கம்பீர நாட்டை ராகத்தில் எழும்புகிறது, தேர் மல்லாரியும் தளிகை மல்லாரியும் எதில் வேறுபடுகின்றன என்று. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இரண்டு வாக்கியம்கூட முடியவில்லை, புத்தக அலமாரிக்கு முன்னால் ஒரு பேராசிரியர் வந்துவிட்டார். இசை வேளாளர் சாதி, அடையாள அரசியல், பிரதிநிதித்துவம். அவர் சொன்னதில் எதுவும் தவறில்லை. ஆனால் வாசிப்பதற்கு இவர், யோசிப்பதற்கு அவர் என்று உன் படம் இரண்டாகப் பிரிந்துவிட்டது.

நம் கலைஞர்களைப் பற்றிய ஆவணப்படங்களுக்கு இது பழைய வியாதி. சத்யஜித் ராயே இதற்குத் தப்பவில்லை என்பேன். பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியைப் பற்றி அவர் எடுத்த ‘பாலா’வை நீ எத்தனையோ முறை பார்த்திருப்பாய். 1935இல், பதினான்கு வயதில், கல்கத்தாவில் பாலாவின் ஆட்டத்தைப் பார்த்தவர் அவர். படம் எடுக்க வாய்த்தது 1976இல்தான், தமிழக அரசும் மும்பையின் தேசிய நிகழ்கலை மையமும் சேர்ந்து கேட்டபோது. பாலாவுக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. கடற்கரையில் ‘கிருஷ்ணா நீ பேகனே பாரோ’ ஆடும்போது காற்று புடவையைப் படுத்தும் பாட்டைப் பார்த்துக் குறை சொன்னவர்கள் உண்டு. எனக்கு அது குறையாகப் படவில்லை. காற்று அதன்பாட்டுக்கு அடிக்கிறது, அந்த அம்மாள் கண்ணனைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். வர்ணத்துக்கும் ராய் தாராளமாக நேரம் கொடுத்திருக்கிறார்.

என் மனத்தாங்கல் வேறு. அந்தப் படத்தில் நம்மை வழிநடத்துவது ராயின் ஆங்கிலக் குரல். படம் எடுப்பதற்கு முந்தைய டிசம்பரில், 1975இல், சென்னைத் தமிழ் இசைச் சங்க மாநாட்டில் பாலசரஸ்வதி ஓர் உரை நிகழ்த்தினார். பரதநாட்டியக் கச்சேரியில் உருப்படிகள் வரும் முறையே ஒரு பெருங்கோயிலுக்குள் போவதுதான் என்றார். அலாரிப்பு கோபுரம், ஜதிஸ்வரம் அர்த்தமண்டபம், சப்தம் மண்டபம், வர்ணம் சன்னதி. அதன் பிறகு வரும் பதம், வெளிச் சந்தடியெல்லாம் அடங்கிக் கருவறையின் குளுமைக்குள் போவது. தில்லானா கற்பூர ஆரத்தி. ஒரு படத்துக்கு இதைவிடக் கட்டுக்கோப்பான திரைக்கதையை யார் எழுதித் தர முடியும், சொல்!

அந்த அம்மாளின் தேவதாசிப் பரம்பரைக்கு அப்போது அரை நூற்றாண்டாக மற்றவர்கள்தான் அர்த்தம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சீர்திருத்தக்காரர்கள் ஒரு பக்கம், சபாக்காரர்கள் ஒரு பக்கம், 1947இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம். ஆட்டத்திலிருந்து சிருங்காரத்தைக் கழுவித் துடைத்துத் தூய்மையாக்க வேண்டும் என்று கிளம்பியவர்களிடம், இதில் புதிதாகத் தூய்மைப்படுத்த ஒன்றுமில்லை என்று சொன்னவர் பாலா. வீணை தனம்மாளின் பேத்தி வேறு எப்படிப் பேசுவார்? உன் வித்வானும் அந்த உறவுக்காரர்தான். பெரிய மேளமான நாதஸ்வரமும் சின்ன மேளமான சதிராட்டமும் ஒரே இனத்துக் குடும்பங்களில் வளர்ந்தவை என்பதை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கலைஞரையே பேசவிட வேண்டும் என்பது ராய்க்குத் தெரியாதா என்றால், தெரியும். சாந்திநிகேதனில் தனக்கு ஆசிரியராக இருந்த பினோத் பிஹாரி முகர்ஜியைப் பற்றி 1972இல் அவர் எடுத்த படம், பார்வை போன அந்த ஓவியர் தன் குருட்டுத்தன்மையைப் பற்றிச் சொன்ன சொற்களோடுதான் முடிகிறது. கடைசி வார்த்தை அவருடையது.

ஆவணப்பட இயக்குநர் சபா திவானின் ‘தி அதர் சாங்’ படத்தையும் இன்னொரு முறை பார்த்துவிடு. 2009இல் வந்தது. பாடகி ரசூலன் பாய் 1935இல் இசைத்தட்டில் பாடி, பிறகு எல்லோரும் மறந்துபோன ஒரு தும்ரிப் பாட்டின் பாடபேதத்தைத் தேடிக்கொண்டு வாரணாசி, லக்னோ, முசாஃபர்பூர் என்று அலைகிறார். போகிற இடத்திலெல்லாம் ஆடல் பாடலையே தொழிலாகக் கொண்ட வடநாட்டுத் தவாயிஃப் மரபில் வந்த பெண்களிடம் உட்கார்ந்து கேட்கிறார். ரசூலன் பாயின் வீடு 1969 அகமதாபாத் கலவரத்தில் எரிந்துபோனது. இரக்கத்தைப் பிழிய வேறு யாருக்கும் அதுவே போதும். இந்தப் படம் பாட்டை விட்டு நகர்வதில்லை.

சாதியைப் பேசாதே என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே, பாப்பா. அதை மூடி மறைத்தால் அது வேறு பொய். கல்யாண மண்டபத்தில் தன்னை எந்தப் பந்தியில் உட்கார வைக்கிறார்கள் என்பதை அவரே சொல்லட்டும். சொல்ல விருப்பமில்லை என்று கையை அசைத்தால் அந்தக் கையசைப்பையும் படத்தில் வை. பேராசிரியர் அதன்பிறகு வரட்டும், சுருக்கமாக.

மல்லாரி பேச்சின் மீதி உன்னிடம் இருக்கிறதா? இல்லையென்றால் மார்கழியில் வந்து மறுபடி எடு. தை பிறந்துவிட்டால் முகூர்த்தம் முகூர்த்தமாக ஓடுவார், ஆளைப் பிடிக்க முடியாது. மார்கழியில் கல்யாணம் கிடையாது. விடியற்காலை கோயில் வாசிப்பு முடிந்தால் பகல் முழுக்க வீட்டுத் திண்ணையில்தான் இருப்பார். நான் ஒருமுறை போய்ப் பேசி வைக்கிறேன்.

மைக்கை மறந்துவிட்டேனே. பேச்சுக்கு வைத்ததையே வாசிப்புக்கும் வைத்திருக்கிறாய் போலிருக்கிறது, மேல் ஸ்தாயி வரும் இடமெல்லாம் சத்தம் உடைகிறது. இரண்டாகக் கொண்டு வா.

அன்புடன்,
அப்பா